மூன்றடி ஆளுக்கு எதற்கு இரண்டு வாள்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, கதை சொல்லியும் பகடை உருட்டியும் ஆடுகிற ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் வந்தது. பாவூர்சத்திரத்தில் நாங்கள் இதை ஆடுகிறவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அந்த ஒரு கைக்குள்ளேயே தீராத சண்டை ஒன்று இருக்கிறது. ஹாஃப்லிங் என்றொரு இனம், உயரம் மூன்றடி. ரோக் என்பது அவன் தொழில், அதாவது பதுங்கிப் பாய்கிறவன். இவன் கையில் என்ன ஆயுதம் கொடுப்பது?

"ரெண்டு கையிலும் ரெண்டு வாள்" என்கிறார்கள் நண்பர்கள். சினிமா பார்த்துக் கெட்ட கூட்டம்! என் ஓட்டு குறுவில்லுக்கு. இடுப்பில் ஒரு குத்துவாள் இருந்தால் போதும்.

பெரிய ஆயுதங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2014 விதிப் புத்தகத்தின்படி (நாங்கள் ஆடுவது அதைத்தான்) சின்ன உருவம் கனமான ஆயுதத்தை எடுத்தால் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீளவில்லும் இந்தக் கணக்கில் சேரும், குறுவில் சேராது. நம்ம ஊர் சிலம்பத்திலும் கம்பை ஆளின் நெற்றி உயரத்துக்கு அளந்துதானே வெட்டுகிறார்கள்?

சரி, மேட்டருக்கு வருவோம். ரோக்கின் பலம் ஆயுதத்தில் இல்லை, ஸ்னீக் அட்டாக்கில் இருக்கிறது. எதிரி அசந்திருக்கும்போதோ, நம் ஆள் ஒருவன் அவன் பக்கத்தில் நிற்கும்போதோ அடித்தால், கூடுதலாக ஆறுமுகப் பகடைகள் கிடைக்கும். ஐந்தாம் நிலையில் மூன்று பகடை, சராசரி பத்தரைப் புள்ளி. ஆனால் ஒரு முறைக்கு ஒரு தடவைதான். முதல் வாள் பட்டுவிட்டால், இரண்டாவது குட்டைவாள் தருவது சராசரி மூன்றரை!

இந்த மூன்றரைக்கு விலை என்ன? போனஸ் ஆக்‌ஷன். இரண்டாம் நிலையிலிருந்து ரோக் அதே போனஸ் ஆக்‌ஷனில் ஒளியலாம், ஓடலாம், அடி வாங்காமல் விலகலாம். வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று படித்தோமே மக்களே, அதுதான் இது.

"முதல் அடி தவறினா ரெண்டாவது பிடிக்குமே" என்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். ஓர் அடி பட 60 சதவீத வாய்ப்பு என்றால், இரண்டில் ஒன்றாவது பட 84 சதவீதம். ஒளிந்திருந்து அம்பு விட்டால்? இரண்டு பகடையில் பெரியதை எடுக்கலாம் என்பதால் அதுவும் அதே 84. ஒளியும் முயற்சி பலிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் லைட்ஃபுட் ஹாஃப்லிங் தன்னைவிடப் பெரிய கூட்டாளியின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளியலாம். அதோடு, வாள் வைத்திருப்பவன் அடித்த பிறகும் பூதத்தின் மூக்குக்கு நேரே நிற்கிறான்.

நம் பக்கத்துக் கதை ஒன்றைப் பாருங்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரன் (2022-ல் தபால்தலைகூட வந்தது). கம்பெனிப் படையின் முகாமுக்குள் அவர் ஒற்றை ஆளாக நுழைந்த கதையை ஊரில் வாய்வழியாகச் சொல்வார்கள். புல்லுக்குள் மறைந்து கிடந்தபோது, அங்கே ஆள் இருப்பது தெரியாமல் ஒரு சிப்பாய் அடித்த முளை அவர் கையில் இறங்கியதாம். சத்தமே போடவில்லையாம். எதிரி முகாமுக்குள் நுழைந்த ஆளைப் பற்றிய கதையில் ஜனங்கள் மறக்காமல் சொல்வது அவர் எத்தனை பேரை வெட்டினார் என்பதை அல்ல, மூச்சுக் காட்டாமல் கிடந்ததைத்தான்.

ஒரு இடத்தில் மட்டும் இரட்டை வாள் கட்சிக்கு விட்டுக்கொடுக்கிறேன். 2024-ல் வந்த புது விதிகளில் 'நிக்' என்று ஒன்று இருக்கிறது. குத்துவாள் போன்ற சில ஆயுதங்களில், போனஸ் ஆக்‌ஷனைச் செலவழிக்காமலே இரண்டாவது வீச்சு கிடைக்கும். ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்தப் புத்தகத்தில் ஆடுகிறவர்கள் தாராளமாக இரண்டு கத்தி எடுங்கள், வீசிவிட்டு விலகி ஓடுங்கள். பழைய புத்தகத்தில் முதல் நிலை ஆடுகிறவர்களும் அப்படியே செய்யலாம், அந்த நிலையில் போனஸ் ஆக்‌ஷனுக்கு வேறு வேலை கிடையாது.

இரண்டாம் நிலை வந்ததும் வில்லை எடுத்துவிடுங்கள். குத்துவாளையும் தூக்கிப் போட வேண்டாம், தேவைப்பட்டால் இருபது அடி வரை குறி பிசகாமல் எறியலாம்.