வேலைக்குப் போகும் தங்கம்

நம் வீடுகளில் தங்கத்துக்கு இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று உடம்பு, இன்னொன்று அடகுக்கடை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன ஆண்டில் என் அம்மாவின் தோடு தெலுக் இந்தானில் அடகுக்குப் போயிற்று. மூன்று ஆண்டு கழித்து மீட்டோம். துரு இல்லை, கறுப்பு இல்லை, போனது போலவே வந்தது.

சென்ற வாரம் வகுப்பில் துருப்பிடித்தல் பாடம். தங்கம் எதனோடும் எளிதில் சேராது என்று சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அப்படின்னா அதால ஒரு வேலையும் ஆகாதா டீச்சர்?" என்றான். "நகைக்கு ஆகுமே" என்று சொல்லிச் சமாளித்தேன். அது அரைகுறைப் பதில். மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வேதியியலில் வினையூக்கி என்று ஒன்று உண்டு. கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொருள்களைச் சேர்த்துவைக்கும். பிறகு தான் எதுவும் ஆகாமல் அடுத்த ஜோடியைத் தேடிப் போகும். இந்தத் தொழிலுக்குத் தங்கம் லாயக்கில்லை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஜப்பானில் மசத்தாக்கே ஹருத்தா என்பவர் தங்கத்தைச் சில நானோமீட்டர் அளவுத் துகளாக்கிப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். அந்தத் துகள் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடை, பனி உறையும் குளிரிலும், ஆக்சிஜனோடு சேர்த்துவைத்தது. 1987-இல் இதை வெளியிட்டார். 1992 முதல் ஜப்பானியக் கழிவறைகளில் நாற்றம் போக்கும் கருவிகளிலும் தங்கத் துகள் இடம்பெற்றது. சிரிக்காதீர்கள், உண்மைதான்!

ஏன் இப்படி? தோட்டில் இருக்கும் தங்க அணுக்களில் மிகப் பெரும்பாலானவை உள்ளே புதைந்து கிடக்கின்றன. துகள் சிறுக்கச் சிறுக்க, வெளியே நிற்கும் அணுக்கள் கூடும். ஓரத்திலும் மூலையிலும் நிற்கும் அணுவுக்குப் பக்கத்துணை குறைவு. வருகிறவனைக் கைப்பிடிக்க அதுதான் முந்தும்.

ஆனால் ஒரு தொல்லை. காலையில் சேம்பு இலையை ஆட்டிப் பாருங்கள். முத்து முத்தாய் நின்ற நீர்த்துளிகள் உருண்டு ஒன்றாகிவிடும். தங்கத் துகள்களும் அப்படித்தான். கொஞ்சம் சூடு பட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துப் பழைய சோம்பேறித் தங்கமாகிவிடும். அவற்றைத் தள்ளித் தள்ளி உட்காரவைக்க ஒரு பாய் வேண்டும்.

அந்தப் பாய்க்கு நல்ல பொருள் கிராஃபீன். பென்சில் கரியில் அடுக்கடுக்காய் இருக்கும் கார்பனில் ஒரே ஓர் அடுக்கு; ஓர் அணு கனம்தான். 2004-இல் மான்செஸ்டரில் ஒட்டுநாடாவால் உரித்தே எடுத்துக் காட்டினார்கள். 2010-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு கிராம் கிராஃபீனை முழுதும் விரித்தால், இரு பக்கமும் சேர்த்து, 2,600 சதுர மீட்டருக்கு வரும்; நம் பள்ளித் திடலே கொள்ளாது. இதில் ஒரு வேடிக்கை: குறையே இல்லாத தாளில் தங்கம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓட்டையும் கிழிசலும் ஒட்டிய ஆக்சிஜனும் உள்ள தாளில்தான் நிலையாய் உட்காரும்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் வழக்கமாய் எடுப்பது நைட்ரோபீனால் என்னும் மஞ்சள் நஞ்சு. பாரத்தியான் பூச்சிமருந்து சிதைந்தால் வருவதும் இதுதான். போரோஹைட்ரைடு உப்பைக் கலந்தும் மஞ்சள் அசையாது. தங்கம் ஏற்றிய கிராஃபீனைச் சிட்டிகை போட்டால் சில நிமிடங்களில் நீர் தெளிந்துவிடும். அப்போது உண்டாகும் அமினோபீனால், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலுக்கு மூலப்பொருள்!

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். அம்மா முதுகில் பம்ப் சுமந்து களைக்கொல்லி அடித்தவர். கை கழுவிய கால்வாய்க்கும் நாங்கள் குடித்த கிணற்றுக்கும் இடையே பத்தடி கூட இல்லை. அதனால் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழு செய்ததைப் படித்தபோது நெஞ்சு விம்மியது. தங்கம், வெள்ளி நுண்துகள்கள் எண்டோசல்ஃபான் மருந்தை நீரிலிருந்து பிடித்தெடுக்கும் என்று 2003-இல் காட்டினார்கள். 2007-இல் வெள்ளித் துகள் வைத்த வீட்டு வடிகட்டி விற்பனைக்கு வந்தது. 2012-இல் சாதாரணச் சர்க்கரையைக் கருக்கி, மணலின் மேல் கிராஃபீன் பூசி, அதிலும் பூச்சிமருந்தை வடித்தார்கள். இதில் தங்கம் இல்லை, மணலும் சர்க்கரையும்தான். ஏழை வீட்டுக்கு இதுதான் முதலில் வந்து சேரும் என்பது என் எண்ணம்.

தங்கம் பெரிய ஆலைக்குப் போனது வேறு வழியில். பி.வி.சி. குழாய்க்கான மூலப்பொருளைச் சீனாவில் நிலக்கரியிலிருந்து கிடைக்கும் அசெட்டிலின் வாயுவைக்கொண்டு செய்கிறார்கள். அதற்கு வினையூக்கி, கரியில் ஏற்றிய பாதரச உப்பு. மினமாத்தாவில் 1956-இல் வெளிப்பட்ட கொடுமையும் அசெட்டிலின் ஆலையின் பாதரசத்தால் விளைந்ததே. பாதரசத்துக்குப் பதில் தங்கமே சிறந்தது என்று கிரகாம் ஹட்சிங்ஸ் 1985-இலேயே கணித்தார். ஆலைக்கு ஏற்ற தங்க வினையூக்கி வர முப்பது ஆண்டு பிடித்தது. 2017-இல் நுணுகிப் பார்த்தபோது, அங்கே தங்கம் துகளாகக்கூட இல்லை. கரியின் மேல் தனித்தனி அணுவாய் நின்றது.

அந்தக் கரியும் கசங்கிய கார்பன் தாள்களின் குவியல்தான். இத்தகைய கரிக்கு உலகெங்கும் பெயர் போன மூலப்பொருள் தேங்காய்ச் சிரட்டை. சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடித்துத் தருவதும் சிரட்டைக் கரியே. பாகான் டத்தோக்காரர்களுக்குச் சிரட்டையை அறிமுகப்படுத்த வேண்டுமா என்ன? கொப்பரை எடுத்த பின் நாம் அடுப்பில் போடுவதுதானே.

அந்த ஆலை வினையூக்கியில் தங்கம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.