கணனி திருத்தும் படிப்பு கீழானதா?

ஓகஸ்ட் மாதப் பிற்பகுதியில் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை முடிவுகள் வெளியானதும் இங்கிலாந்தில் வாழும் நம்மவர் வீடுகளில் தொலைபேசி ஓயாமல் மணி அடிக்கும். யாருடைய பிள்ளைக்கு எத்தனை பாடத்தில் ஒன்பது, யார் எந்தப் பள்ளியில் ஏ லெவல் செய்யப் போகிறார் என்ற விசாரணைதான். அந்த வேளையில் ஒரு பிள்ளை, "நான் கொலிச்சுக்குப் போய்க் கணனி சப்போர்ட் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் வீட்டில் ஒரு மௌனம் விழும். தாய் அதை உறவினருக்குச் சொல்லும்போது "கொம்பியூட்டர் படிக்கிறான்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வார். புரோகிராம் எழுதுவது கௌரவம். எழுதியதை நிறுவிக் கொடுத்து, அது படுத்துவிட்டால் எழுப்பிவிடுவது ஏதோ எடுபிடி வேலை என்ற எண்ணம் நம்மவரிடம் ஊறிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் பிறிண்டர் வேலை செய்யாவிட்டால் இதே பெரியவர்கள் முதலில் கூப்பிடுவது அந்தப் பிள்ளையைத்தான். "தம்பி, ஒருக்கா வந்து பார்த்திட்டுப் போ" என்பார்கள். கூலி ஒரு தேநீர்.

இந்த எண்ணம் பிழையானது. ஏன் என்று விளங்க, அந்தப் படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

இங்கிலாந்தில் டி லெவல் என்னும் இரண்டு வருடப் படிப்பு 2020 இல் தொடங்கியது. கணனிச் சேவைகளைப் பராமரித்து உதவும் பிரிவு அதில் 2021 செப்டெம்பரில் சேர்ந்தது. வகுப்போடு ஆகக் குறைந்தது 315 மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ 45 நாட்கள், ஒரு வேலைத்தலத்தில் நின்று பழக வேண்டும். அதியுயர் பெறுபேறு எடுத்தவருக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகள் 168. மூன்று ஏ லெவலிலும் ஏ ஸ்டார் எடுத்தவருக்கும் அதே 168 தான். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதனை ஏற்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வைத்தியம் படிக்க ஆசைப்படும் பிள்ளை இந்தப் பக்கம் வரத் தேவையில்லை.

ஆய்வுகூடத்தில் ஒரு கணனிக்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணனியை உண்டாக்கிக் கொடுப்பார்கள். மாணவர் அதில் விண்டோஸ் நிறுவுவார், பயனாளர்களைச் சேர்ப்பார், யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க உரிமை என்று வகுப்பார். பின்னர் ஆசிரியர் அதை வேண்டுமென்றே கெடுத்து வைப்பார்: வலையமைப்பு முகவரியை மாற்றிவிடுவார், பொருந்தாத டிரைவரைப் போட்டுவிடுவார், தட்டை நிரப்பிவிடுவார். மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். கைதவறி எல்லாம் நாசமானாலும் ஒரு நொடியில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். நோயாளி சாகாத ஆஸ்பத்திரி. வைத்திய மாணவருக்கு இந்த வசதி கிடைப்பதில்லை.

கண்டுபிடிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 1993 முதல் நடைபெற்றுவரும் ஏ பிளஸ் என்னும் தொழிற் பரீட்சை அதை ஆறு படிகளாக வகுக்கிறது. முதலில் பயனாளரிடம் கேட்டுப் பழுதை இன்னதென்று அறிய வேண்டும்; எப்போதிருந்து, அதற்கு முன் என்ன மாறியது என்பவை முக்கியமான கேள்விகள். அடுத்துக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்க வேண்டும். ஊகத்தைச் சோதிக்க வேண்டும். திட்டமிட்டுத் திருத்த வேண்டும். முழுவதும் சரியாயிற்றா என்று பார்த்து, மீண்டும் வராமல் காக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த வரிசையும் ஏறக்குறைய இதுவே. அவசரக்காரன் ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்வான். கணனி எழும்பிவிடும். எதனால் எழும்பியது என்று அவனுக்கும் தெரியாது. அடுத்த கிழமை மறுபடி விழும்போது வேறு யாருக்கும் தெரியாது. காய்ச்சலின் காரணம் அறியுமுன் நாலு மருந்தை ஒன்றாகக் கொடுப்பவரையும் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

இனி, இந்த வேலை சரியாக நடக்காதபோது என்ன ஆகிறது என்பதைப் பார்ப்போம். 2017 மே 12 ஆம் திகதி வானாக்ரை என்னும் நச்சு மென்பொருள் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைத் தாக்கியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் இரத்தாகின. சில இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறிடம் அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 ஆம் திகதி, இலவசமாக வெளியிட்டிருந்தது. எத்தனையோ கணனிகளில் அது நிறுவப்படவில்லை. எடுபிடி வேலை என்று எண்ணப்படும் அந்த ஒன்று செய்யப்படாததால் நோயாளிகள் வாசலில் நின்றார்கள்.

2024 யூலை 19 இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான திருத்தமே உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை விழுத்தியது. அனுப்பிய நிறுவனம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அதை மீட்டுக்கொண்டது. ஆனால் விழுந்து கிடந்தவற்றிற் பெரும்பகுதியை யாரோ ஒருவர் நேரில் போய், ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அந்த யாரோ ஒருவர்தான் கொலிச்சில் படித்த பிள்ளை.

எல்லாவற்றிலும் கசப்பானது தபால் கந்தோர் விவகாரம். கடையோடு சேர்த்து உப தபால் கந்தோர் நடத்திய தென்னாசியக் குடும்பங்கள் இந்நாட்டில் எத்தனையோ. 1999 முதல் அவர்களுக்கு ஹொறைசன் என்னும் கணனிக் கணக்கு முறை கொடுக்கப்பட்டது. பெட்டியில் இருந்த பணம் ஒன்று, திரை காட்டியது வேறொன்று. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிற் பலருக்குக் கிடைத்த விடை, "வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்பது. குறைந்த பணத்தைக் கைக்காசிலிருந்து கட்டச் சொன்னார்கள். பிறகு திருடர் என்று வழக்கும் போட்டார்கள். 900 க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். மென்பொருளில் பழுதுகள் இருந்தன என்று மேல் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வழங்கப்பட்ட அத்தகைய தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்திருக்கக்கூடும் என்கிறது 2025 யூலையில் வெளியான விசாரணை அறிக்கை.

மென்பொருளில் பழுது இருப்பது அதிசயமல்ல. பழுதில்லாத மென்பொருளை இன்னும் எவரும் எழுதவில்லை. அறியப்பட்ட பழுதுகளின் குறிப்புகள் தொழில்நுட்பப் பிரிவிடம் இருந்தன. தொலைபேசியின் மறுமுனையில் கண்ணீர் விட்ட கடைக்காரருக்கு அவை எட்டவில்லை. ஆறு படிகளில் முதலாவதும் கடைசியும், அதாவது கேட்பதும் எழுதி வைத்து ஒப்பிடுவதும், அங்கே மடிந்துபோயின. கொலிச்சுகள் இந்த வரலாற்றை ஒரு பாடமாகவே வைக்க வேண்டும். கேபிள் பொருத்தத் தெரிந்த பிள்ளை, "என்னிடம் பிழை இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது அதை நம்பிக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். மேலதிகாரிக்குப் பிடிக்காததையும் பதிவேட்டில் எழுதும் துணிவு வேண்டும். பரீட்சைத் தாளில் இதற்குப் புள்ளி போடுவது கடினம்தான்.

சம்பளம் தொடக்கத்தில் பெரிதல்ல. மறந்த பாஸ்வேட்டை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளை இப்போது பல இடங்களில் இயந்திரமே செய்துவிடுகிறது. ஆகவே திரையில் வந்ததை வாசித்துக் காட்டும் அளவுக்குப் படித்தவருக்கு இடம் குறையும். ஏன் என்று தேடத் தெரிந்தவருக்குக் குறையாது.

பிள்ளையோடு கொலிச்சைப் பார்க்கப் போகும் பெற்றோர் கட்டடத்தின் அழகைப் பார்த்துத் திரும்பாமல் சில கேள்விகள் கேட்க வேண்டும். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் கணனியில் கைவைக்க விடுவார்கள்? பிரதி எடுத்து வைத்ததை மீட்டுப் பார்க்கவும் பழக்குகிறார்களா? அந்த 45 நாள் இடத்தைத் தேடித் தருவது யார்? கடைசிக் கேள்வியிற் பல பிள்ளைகள் இடறுகிறார்கள். நம்மவரிற் கணக்காளர் அலுவலகமும் மருந்துக் கடையும் பல் வைத்திய நிலையமும் நடத்துவோர் அநேகர். கொலிச்சிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு, அது உறவினர் பிள்ளையோ அல்லவோ, ஒரு மேசையும் பழகுவதற்கு ஒரு பழைய கணனியும் ஒதுக்கிக் கொடுப்பது அவர்களுக்குப் பாரமாகாது.