பழைய பேக்கிங்கே போதும் சார்

வீட்டில் குக்கர் விசில் அடிக்காமல் ஓரமாக ஆவி விட்டால், மூடியிலிருந்து கேஸ்கெட்டைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். ஃப்ரீசரில் வைப்பவர்களும் உண்டு. ரப்பர் கொஞ்சம் இறுகி இன்னும் சில வாரம் தள்ளும். அழுத்தினால் நசுங்குவதும் விட்டால் பழைய உருவத்துக்கே திரும்புவதும் ரப்பரின் குணம்; அதனால்தான் நாளுக்கு மூன்று முறை திறந்து மூடினாலும் உழைக்கிறது. கார் எக்ஸாஸ்ட்டில் உட்கார்ந்திருக்கும் கேஸ்கெட்டுக்கு, மெக்கானிக் மொழியில் பேக்கிங்குக்கு, அந்தக் குணம் கிடையாது. ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது அது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி பழைய ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறார். 1.5 விடெக் என்ஜின், 106 குதிரைத்திறன். இருபது வருடம் தாண்டியும் அந்த என்ஜினுக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், நான்கு குழாய் இரண்டாகி ஒன்றாகும் 4-2-1 ஹெட்டர், அங்கிருந்து பின்பக்கம் வரை புதுக் குழாய், வாய் அகலமான சைலன்சர் என்று ஒரு செட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். ஒரே குஷி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகம் பிடிக்கும். என்ஜின் சூடேறியதும் அடங்கிவிடும்.

“ரேஸ் கார் மாதிரியே இருக்குல்ல அங்கிள்?”

“மேனிஃபோல்டுக்குப் புது பேக்கிங் போட்டாங்களா தம்பி?”

“பழசே நல்லாத்தான் இருக்கு, அதுவே போதும்னு மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டார்.”

அவர் ரசித்துக்கொண்டிருந்தது ஹெட்டரின் சத்தத்தை அல்ல, கசிவின் சத்தத்தை. என்ஜினின் சிலிண்டர் ஹெட்டுக்கும் ஹெட்டரின் ஃபிளேஞ்சுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளும்போது அந்த வழியாக ஒரு துளி வெடித்து வெளியேறும். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்ததும் சத்தம் நிற்கும். நின்றுவிட்டதாலேயே பலர் அதைக் கோளாறாக எண்ணுவதில்லை. சத்தம் கூடினால் சக்தி கூடிவிட்டது என்று நம்புகிறவர்களுக்கு ஓட்டை சைலன்சர்கூட ரேஸ் பார்ட்தான்.

கழற்றிய பேக்கிங் பார்வைக்கு முழுசாக இருக்கும் என்பது உண்மை. கிழியாமல், எரியாமல், கையில் எடுத்தால் புதுசு போலவே தெரியும். ஆனால் கிராஃபைட் அடுக்கு வைத்த வகையானால், போல்ட்டை முறுக்கியபோது அது இரண்டு உலோகப் பரப்புகளின் மேடு பள்ளங்களுக்குள் இறங்கி, அவற்றின் அச்சை அப்படியே வாங்கியிருக்கும். பல தகடுகளை அடுக்கிய ஸ்டீல் வகையானால், துளையைச் சுற்றியுள்ள சின்ன வரப்பு போன்ற மேடுதான் அடைப்பைத் தருவது. அது தட்டையாகிப் போயிருக்கும். மேனிஃபோல்டுப் பக்கம் பெட்ரோல் என்ஜினின் புகை, வண்டியை விரட்டும்போது 800 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் வெந்து ஆறி வெந்து ஆறி, பிணைப்புப் பொருள் கருகி, கேஸ்கெட் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் பொருந்துகிற வார்ப்பாகிவிடும்.

வெளிக் கம்பெனி எக்ஸாஸ்ட் மாட்டும்போது கணக்கு மாறுவது இங்கேதான். அதே மேனிஃபோல்டைக் கழற்றி அதே இடத்தில் மாட்டினாலாவது, பழைய அச்சு பழைய பரப்பில் உட்காரக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. புது ஹெட்டரின் ஃபிளேஞ்ச் வேறு முகம். வெல்டிங் சூட்டில் லேசாக வளைந்திருக்கவும் கூடும். குழாயின் உள்விட்டம் கம்பெனிக் குழாயைவிடப் பெரிதாக இருந்தால், பழைய கேஸ்கெட்டின் உள்விளிம்பு புகையின் பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த விளிம்புதான் முதலில் எரியும். விரிவிலும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு மீட்டர் சாதா இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும், ஸ்டெயின்லெஸ் குழாய் 7 மில்லிமீட்டர். ஒரு பக்கம் அலுமினிய ஹெட், மறுபக்கம் ஸ்டெயின்லெஸ் ஃபிளேஞ்ச். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டும் வெவ்வேறு அளவில் நகர்கின்றன. நடுவே இருப்பதுதான் அந்த இழுபறியைத் தாங்க வேண்டும். ஏற்கெனவே ஓய்ந்துபோனதை அங்கே வைப்பது நியாயமில்லை.

எல்லா மூட்டுக்கும் ஒரே விதி என்று சொல்ல மாட்டேன். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வருவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், புதுசுதான். ஸ்பிரிங் போல்ட் வைத்த மூட்டில் டோனட் என்ற தடித்த வளையம் இருக்கும். குறுக்காக வைத்த என்ஜின் ஆடும்போது குழாய் அதன் மேல் உருண்டு கொடுக்கும். அதில் விரிசல் இல்லை, தேயவில்லை என்றால் மறுபடி போடுகிற நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பழைய குழாயையே திரும்ப மாட்டும் வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. குழாய் மாறினால் வளையமும் மாற வேண்டும். முழுத் தாமிர வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் திரும்ப இளகும், இன்னொரு முறை பயன்படும். இது பெரும்பாலும் பைக் சமாசாரம். கடைசி சைலன்சர் பக்கம் சூடும் அழுத்தமும் குறைவு. அங்கே லேசாகக் கசிந்தால் காது வலிக்குமே தவிர, என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

முன்பக்கக் கசிவு அப்படியல்ல. 4-2-1 ஹெட்டருக்குக் கொட்டிக் கொடுக்கும் காசு எதற்கு? ஒரு சிலிண்டரின் புகை விரைந்து போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சல் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துப் போகும். அதே உறிஞ்சல்தான், கசிகிற இடத்தில் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கிறது. ஹெட்டர் எவ்வளவு நல்லதோ அவ்வளவு இழுக்கும். உள்ளே வந்த காற்றை ஆக்ஸிஜன் சென்சார் முகர்ந்து, ‘பெட்ரோல் போதவில்லை’ என்று கணக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் நம்பிக் கூடுதலாக ஊற்றும். சக்திக்காக மாட்டிய ஹெட்டர் மைலேஜைத் தின்னத் தொடங்கும்.

அதைவிடக் கவலை தருவது கார்பன் மோனாக்ஸைடு. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. நாம் சாலையில் விடும் புகை ஓரளவு சுத்தமானது அதற்குப் பிறகுதான். கன்வர்ட்டருக்கு முன்னாலேயே கசிந்தால் அந்தச் சுத்திகரிப்புக்கு வேலையே இல்லை. சுத்திகரிக்காத புகை பானெட்டுக்குள் சுழலும். கேபினுக்குள் காற்று இழுக்கும் வாய் முன்கண்ணாடியின் அடியில், பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது வருகிற தலைவலியை வெயில் மேல் பழி போட்டுவிடுவோம்.

இத்தனைக்கும் அந்தப் பேக்கிங்கின் விலை சில நூறு ரூபாய். எக்ஸாஸ்ட் செட்டோ பல்லாயிரம். அப்படியிருந்தும் பழசைப் போடச் சொல்லும் மெக்கானிக்கைக் கஞ்சன் என்று நான் நினைக்கவில்லை. வண்டி லிஃப்டில் தொங்குகிறது, அடுத்த வண்டி வாசலில் நிற்கிறது, வாடிக்கையாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருக்கிறார், கடைப் பையனை அனுப்பினால் இரண்டு மணி நேரம். “பழைய பேக்கிங்கே போதும் சார்” என்ற வாக்கியம் அங்கேதான் பிறக்கிறது. அதற்குத் துணையாக ஒரு சிலிக்கான் டியூபும் வரும். அந்தச் சிவப்புப் பசை ஆயில் சம்ப்புக்கு நல்லது. மேனிஃபோல்டுச் சூட்டில் பொடியாகிவிடும். போதாததற்கு, சிலிக்கானின் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பழைய பேக்கிங்கை வைத்து முறுக்குவது இன்னொரு யோசனை. அதைப் பற்றி எழுத மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லை.

கையால் வெட்டும் பேக்கிங் வேறு கதை. அதில் எனக்கு மதிப்பு உண்டு. ஷீட்டை ஃபிளேஞ்சின் மேல் விரித்து, குண்டு முனைச் சுத்தியலால் விளிம்பு விளிம்பாகத் தட்டி, துளைகளுக்குள் பால்ரஸ் குண்டை வைத்து ஒரே அடியில் ஓட்டை எடுக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். டெம்ப்ளேட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. தண்ணீர் பம்புக்கும் கியர்பாக்ஸ் மூடிக்கும் அது அருமையாக வேலை செய்யும். எக்ஸாஸ்ட்டுக்கு வெட்டுவதானால் கிராஃபைட் ஷீட்டாவது வேண்டும். பழைய காலத்து ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதனால் பழங்காரின் பேக்கிங்கை ஒயர் பிரஷ் போட்டு உலர்வாகச் சுரண்டி ஊதக் கூடாது. நனைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

தம்பியின் வண்டியைத் திரும்பக் கழற்றியபோது ஃபிளேஞ்சில் இரண்டு இடங்களில் கரி கோடு போட்டிருந்தது. கசிந்த இடம் தானே கையெழுத்துப் போட்டுவிடும். இந்த முறை ஃபிளேஞ்சின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார்கள், வளைவு இல்லை. வளைந்திருந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேசிங் அடித்திருக்க வேண்டும். டப்பாவோடு வந்த பேக்கிங் அட்டை போல இருந்ததால் அதைத் தள்ளிவிட்டு, கம்பெனி கேஸ்கெட்டையே வாங்கி, உள்துளை ஹெட்டரின் வாய்க்குச் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்துப் போட்டார்கள். நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரென்ச்சில் முறுக்கினார்கள். டிக் டிக் போய்விட்டது. தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 120. ஒலி, புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. லைசென்சும் மூன்று மாதம் முடங்கலாம். பேக்கிங் புதுசு என்று போலீஸ்காரரிடம் காட்டிப் பயனில்லை.

மாட்டப் போகிறவர்கள் கேஸ்கெட், ஸ்டட், நட்டு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பழசில் கை வையுங்கள். துருப்பிடித்த ஸ்டட்களுக்கு முந்தைய இரவே எண்ணெய் விட்டுவிடுங்கள். ஹெட்டுக்குள் ஒன்று முறிந்தால் அது தனிச் செலவு. நாலைந்து முறை ஓடிச் சூடேறி ஆறிய பின் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னை ஜி.பி. ரோட்டில் பாதி உதிரிபாகக் கடை திறந்திருக்காது, திங்கள் காலை உங்களுக்கு வண்டி வேண்டும், மெக்கானிக்கின் கண் மேசை மேல் கிடக்கும் பழைய பேக்கிங் பக்கம் போகும்.