ஸ்ரீசிட்டியில் ஜப்பானியருக்கு வேலை கிடைப்பது எப்படி? வெளிநாடு போக நினைக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 55 கிலோமீட்டர் போனால், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் தடா வருகிறது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் ஸ்ரீசிட்டி. இசுசு, கோபெல்கோ, டைகின், யூனிசார்ம், டோரே என ஜப்பானிய நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள் அங்கே நிறைய.

இந்த சத்தியவேடு பகுதி 1960 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. எல்லை மாற்றத்தின்போது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த பலர் இங்கே உண்டு. வேலைக்காகத் தினமும் எல்லை தாண்டுகிறவர்களும் உண்டு.

இந்தியாவில் வேலைக்கு ஆள் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, ஒரு ஜப்பானியரையோ கொரியரையோ இங்கே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள அரசு எப்படி அனுமதிக்கிறது? எந்த வேலைக்கு அனுமதி, எதற்கு இல்லை? இதற்கான பதில் ஜப்பானியருக்கு மட்டும் தேவையானது இல்லை. நாம் வெளிநாட்டில் வேலை தேடும்போது, எதிரே இருக்கும் விசா அதிகாரி எப்படி யோசிப்பார் என்பதும் அதில்தான் இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

வெளிநாட்டவர் இந்தியாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க எம்ப்ளாய்மெண்ட் விசா வேண்டும். அதற்கு முக்கியமாக இரண்டு நிபந்தனைகள்.

முதலாவது, இந்தியர்கள் ஏராளமாகக் கிடைக்கும் வேலையாக அது இருக்கக் கூடாது. வழக்கமான அலுவலக வேலை, எழுத்தர் வேலை, உதவியாளர் வேலை எதற்கும் விசா தர மாட்டார்கள்.

இரண்டாவது, ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 1.35 லட்சம். முன்பு இந்த வரம்பு 25,000 அமெரிக்க டாலர் என்று இருந்தது.

சம்பள வரம்பிலிருந்து சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. தன் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரர், மொழி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தூதரக ஊழியர் ஆகியோர் அதில் வருகிறார்கள். மொழி ஆசிரியர் என்ற இடத்தில் விதி ஒரு சின்ன திருத்தம் போடுகிறது: ஆங்கில ஆசிரியர் நீங்கலாக.

அதாவது ஜப்பானிய மொழி கற்பிக்க ஒசாகாவிலிருந்து ஒருவர் குறைந்த சம்பளத்திலும் வரலாம். ஆங்கிலம் கற்பிக்க லண்டனிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்றால் 16.25 லட்சத்தைத் தாண்டிய சம்பளம் வேண்டும். நம்ம ஊர்ப் பள்ளிகளில் எத்தனை அந்தச் சம்பளம் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் கதவு மூடியிருக்கிறது?

ஆசியாவின் பல நாடுகளில் மேற்கத்திய இளைஞர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் முதல் வேலை ஆங்கிலம் கற்பிப்பதுதான். பட்டப்படிப்பும் சரியான பாஸ்போர்ட்டும் இருந்தால் சோலிலோ பாங்காக்கிலோ ஒரு வகுப்பறை கிடைத்துவிடும். இந்தியாவில் அது நடக்காது. காரணம் வெறுப்பு இல்லை, கணக்கு. ஆங்கிலம் கற்பிக்க இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். திருப்பதியில் ஒரு கல்லூரி ஆங்கில விரிவுரையாளர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தால் விண்ணப்பங்கள் உள்ளூரிலிருந்தே குவியும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறு. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில் இருந்த தியசாபிகல் கல்லூரிக்கு அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் முதல்வராக இருந்தார். 1919 பிப்ரவரியில் அங்கே வந்து தங்கிய தாகூர், 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது அந்தக் கல்லூரியில்தான். அதே ஊருக்கு அருகே 1915-ல் தொடங்கிய ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையை நடத்தியவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோல்லர் என்ற டென்மார்க் மருத்துவர்.

அன்று பேராசிரியரும் மருத்துவரும் கடல் தாண்டி வந்தார்கள். இன்று இரண்டுக்கும் இங்கேயே ஆள் இருக்கிறது. அதனால் அந்த இடங்களில் இப்போது வருகிறவர் யார் என்றால், புதிய ஆலையை நிறுவி ஓட வைக்கத் தெரிந்தவர்.

ஸ்ரீசிட்டிக்கு யார் வருகிறார்கள்?

ஸ்ரீசிட்டி 2008-ல் தொடங்கியது. இசுசுவின் வாகன ஆலை 2016 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2025 மே மாதம் தென்கொரியாவின் எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ், சுமார் 5,000 கோடி ரூபாயில் ஆலை கட்ட அடிக்கல் நாட்டியது. இப்படி ஒரு ஆலை எழும்போது தாய் நிறுவனம் தன் ஆட்களில் சிலரை அனுப்பும். ஆலைத் தலைவர், உற்பத்திப் பொறியாளர், தரக் கட்டுப்பாட்டு வல்லுநர், நிதி மேலாளர் ஆகியோர்தான் வழக்கமாக வருகிறவர்கள். அந்த நிறுவனம் எப்படி வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை இந்தியச் சந்தையில் வாங்க முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவுக்கு வந்து வேலை தேடியவர்கள் இல்லை. வேலை முன்பே இருந்தது, அதன் பின்னால் விசா வந்தது.

வந்தவர்களுக்கும் கட்டுகள் உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இங்கே இருந்துகொண்டே வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. தாய் நிறுவனம், துணை நிறுவனம் போன்ற சில உறவுகளுக்குள் மட்டும் மாற்றம் உண்டு. கூட வரும் மனைவிக்கோ கணவருக்கோ கிடைப்பது குடும்ப விசா. அதை வைத்து வேலை பார்க்க முடியாது. பொறியாளரின் மனைவி தன் ஊரில் மருந்தாளுநராக இருந்திருக்கலாம். இங்கே வீட்டில்தான் இருக்க வேண்டும்.

வெளிநாடு போன தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதுக் கதை இல்லை.

நடுவில் இருக்கும் நாற்காலி

ஜப்பானியப் பொறியாளர் சொல்வது லைனில் நிற்கும் சத்தியவேட்டுப் பையனுக்குப் புரிய வேண்டும். இருவருக்கும் நடுவே ஆங்கிலம் பல நேரம் பாலம் ஆவதில்லை, ஏனென்றால் இருவருக்குமே அது இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி.

அங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை. ஜப்பானியம் அல்லது கொரிய மொழி, அதோடு ஆங்கிலம், அதோடு தெலுங்கோ தமிழோ தெரிந்த உள்ளூர்க்காரர் அந்த நாற்காலியில் உட்காரலாம். டோக்கியோவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வரவும் விதியில் இடம் உண்டு. ஆனால் அவருக்கு லைனில் பேசும் தெலுங்கு தெரியாது. இயந்திரப் பொறியியல் படித்த ஒருவருக்கு ஜப்பானியமும் தெரிந்தால், அவர் வெறும் மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்கப் போவதில்லை. பயிற்சிக்கு ஜப்பான் அனுப்ப ஆள் தேடும்போது நிர்வாகத்தின் கண் முதலில் அவர்மேல்தான் படும்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. சென்னையிலேயே நடக்கிறது. என்5-ல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள். என்5 சுலபம், என்1 கடினம்.

கண்ணாடியைத் திருப்பினால்?

'நமக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே, எங்கே போனாலும் பிழைச்சுக்கலாம்' என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். விதிகள் அப்படிச் சொல்லவில்லை.

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா அடிப்படையில் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம், உரிய ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்களுக்குச் சிறிய வாசல் ஒன்றைத் திறந்தது. பொதுவாகப் பார்த்தால், ஆங்கிலம் நன்றாக வருமா என்ற கேள்விக்கு முன்பே பாஸ்போர்ட் என்ன நிறம் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஆகவே நம் ஆட்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது அல்லாத வேலைதான் ஆரம்பத்திலிருந்தே வழி. அந்த வழியும் இந்தியா போட்ட அதே கணக்கில்தான் ஓடுகிறது: உள்ளூரில் ஆள் கிடைக்காத இடம் எது?

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். பொறியாளர் விசாவுக்குத் தொடர்புடைய பட்டமோ 10 ஆண்டு அனுபவமோ வேண்டும். அதே வேலைக்கு ஒரு ஜப்பானியர் வாங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பதும் விதி. பட்டம் இல்லாதவர்களுக்கு 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' என்ற வழி இருக்கிறது. இதற்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டன. முதியோர் பராமரிப்பு, வாகனப் பழுது, விவசாயம் போன்ற துறைகள் அதில் அடங்கும். துறைக்கான திறன் தேர்வோடு என்4 அளவு ஜப்பானியமும் வேண்டும். முதல் நிலையில் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. 2025 ஆகஸ்ட் இறுதியில் இரு நாடுகளும் அறிவித்த திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பணியாளர்கள் ஜப்பான் போவது இலக்கு.

ஜெர்மனி, இந்தியத் திறன் பணியாளர்களுக்குத் தரும் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-ல் அறிவித்தது. 2024 ஜூனில் தொடங்கிய 'வாய்ப்பு அட்டை' மூலம் அங்கே போய் ஓராண்டு வரை வேலை தேடலாம். அடிப்படை ஜெர்மனோ நல்ல ஆங்கிலமோ இருந்தால் விண்ணப்பிக்க முடியும். ஆனால் விண்ணப்பிப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. செவிலியராக வேலை பார்க்க ஜெர்மன் மொழியில் நல்ல தேர்ச்சியும், படிப்புக்கு அந்நாட்டு அங்கீகாரமும் இல்லாமல் முடியாது.

ஸ்ரீசிட்டியில் ஜப்பானியரை வேலைக்கு வைப்பது அவர் ஆலையை அறிந்தவர் என்பதற்காக. நாகோயாவில் திருப்பதிப் பெண் ஒருவரை வேலைக்கு வைத்தால் அதுவும் அதே காரணத்துக்காகத்தான்: அங்கே குறைவாக இருக்கும் ஒரு கைத்தொழிலோடு, அந்த ஊர் மொழியும் தெரிந்தவர் என்பதால்.

குறுக்கு வழி எங்கே கொண்டு விடுகிறது?

ராயலசீமா குடும்பங்களுக்கு வெளிநாடு என்றால் நீண்ட காலம் குவைத்துதான். வீட்டு வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போனவர்கள் அதிகம். அவர்களுக்காக 1983-ல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் அனுமதி பெற வேண்டும். பாஸ்போர்ட்டிலேயே அந்தக் குறிப்பு இருக்கும்.

பட்டதாரிகளுக்கு அந்த அனுமதி தேவையில்லை. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பொருள், அவர்கள் புறப்படும்போது ஒப்பந்தத்தைப் பார்க்க யாரும் இல்லை என்பதும்தான். 'டேட்டா என்ட்ரி வேலை, இங்கிலீஷ் தெரிந்தால் போதும், மொழி தேவையில்லை' என்ற விளம்பரங்கள் குறிவைப்பது இவர்களைத்தான். சுற்றுலாப் பயணியாகத் தாய்லாந்தில் இறங்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டு போகப்பட்டு, இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டவர்கள் ஏராளம். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 பேர் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் திரும்ப அழைத்து வந்தன.

அந்த விளம்பரத்தை இந்தியாவின் சொந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தர் வேலைக்கு வெளிநாட்டவரை நாம் விடுவதில்லை. அப்படியானால் இன்னொரு நாடு எதற்காக டேட்டா என்ட்ரிக்குச் சித்தூரிலிருந்து ஆள் எடுத்து, விமான டிக்கெட்டும் தங்குமிடமும் தர வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வேலை பெரும்பாலும் வேலையே இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பட்டதாரிக்கும் இந்த விதி பொருந்தும்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த ஏஜென்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். 'மூணு லட்சம் கட்டு, சீட் கன்ஃபார்ம்' என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

வேலை விசா கையில் வரும் முன் பயணம் வேண்டாம். 'முதல்ல டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க மாத்திக்கலாம்' என்பது ஆபத்தான வாக்கியம். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப மாநில அரசுகளின் நிறுவனங்களே இருக்கின்றன; முதலில் அங்கே விசாரிக்கலாம்.

ஒரு மொழியை என்4 அளவுக்குக் கற்க வேலைக்குப் போகிறவருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அலுத்துப்போகும் வேலைதான். ஆனால் ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராமல் போகலாம், படித்த மொழி எங்கேயும் போகாது. ஜப்பான் விசா தள்ளிப்போனாலும், தடா திருப்பத்தில் அந்த மொழிக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அதற்கு விசாவும் தேவையில்லை.