குழாய் ஸ்பீக்கருக்கு உண்டு, கிடாருக்கு இல்லையா?

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் டி.வி. பக்கமே போகவில்லை. சனிக்கிழமை அம்பத்தூரில் ஒரு மொட்டை மாடி, ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு சின்ன ஹால். இரண்டு இடத்திலும் நம்ம ஏரியா ஆட்கள் ராக்கும் ப்ளூஸும் வாசித்தார்கள். காதுக்கு அவ்வளவு சுகம். கூடவே கோபமும் வந்தது. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

சனிக்கிழமைக் கச்சேரி எங்கள் நகர் பூங்காவில் நடந்திருக்க வேண்டியது. நாலு பையன்கள். கிடார் வாசிப்பவன் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். டிரம்ஸ் வாசிப்பவன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மாலை 6 முதல் 8 வரை, டிக்கெட் கிடையாது என்று குடியிருப்போர் சங்கத்துக்கு முறையாகக் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான். முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்?

பதில் என்ன வந்தது தெரியுமா? "சார், இந்த வயசுல உங்களுக்கு ஏன் சார் இதெல்லாம்? ஒரே கூச்சல். ஃபாரின் சமாச்சாரம். நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்து வராது."

மூன்று ஆட்சேபணை. ஆபீஸ் பழக்கம், வரிசையாகவே பதில் சொல்கிறேன்.

முதலாவது, கூச்சல். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. பையன்கள் எல்லாவற்றுக்கும் தயார். ஆடி மாதம் விடிவதற்கு முன்பே தெருமுனையில் அலறுகிறதே குழாய் ஸ்பீக்கர், அதற்கு எந்த விதி? நான் அம்மனுக்கு விரோதி இல்லை. வருடா வருடம் தூக்குவாளியோடு வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடிக்கிறவன். கட்சிக் கூட்டம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றையும் இந்தத் தெரு பொறுத்துக்கொள்கிறது. அப்படியானால் சத்தத்தை அளப்பது டெசிபல் கணக்கிலா, ஆளைப் பார்த்தா?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் முதல் பாட்டுக்கு டிரம்ஸ் சத்தம் எனக்கே மண்டையைப் பிளந்தது. "தம்பி, கொஞ்சம் குறையேன்" என்றேன். "சரி தாத்தா" என்று பெரிய டிரம்முக்குள் ஒரு பழைய போர்வையைத் திணித்தான். சரியாகிவிட்டது. குழாய் ஸ்பீக்கர்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

இரண்டாவது, ஃபாரின். சங்கத்தில் மாதாமாதம் பஜனை நடக்கிறது. அதில் வாசிக்கிற ஆர்மோனியம் எங்கே பிறந்தது? பாரீஸில். டெபேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1842ல். கர்நாடகக் கச்சேரிக்கு வயலின் வந்த கதை தெரியாதா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு வந்தது. இருநூறு வருடம் முந்தி வந்தால் பாரம்பரியம், நேற்று வந்தால் ஃபாரினா?

மூன்றாவது, கலாச்சாரம். இதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

ப்ளூஸ் யாருடைய பாட்டு? அமெரிக்காவின் தெற்கில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின ஏழைகளின் பாட்டு. முதல் அடியை இரண்டு தடவை பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வார்கள். கிடார் தந்தியை விரலால் இழுத்துச் சுரத்தை வளைப்பார்கள். நம் கமகத்துக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மடி வாட்டர்ஸ் என்ற மேதை 1943ல் மிசிசிப்பியை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். பகலில் வேலை, இரவில் பாட்டு. கிளப் இரைச்சலில் சாதாக் கிடார் காதில் விழாததால் எலக்ட்ரிக் கிடாரை எடுத்தார். ராக் இசைக்கே அதுதான் விதை.

கிராமத்தை விட்டு வந்த தொழிலாளி, ஆலை நகரம், ராத்திரிப் பாட்டு. 1964ல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரின் கதையும், டேங்க் தொழிற்சாலை வந்த ஆவடியின் கதையும் வேறா? நம்மிடமும் கானா இருக்கிறது. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடியதைப் பல காலம் யாரும் பாட்டு என்றே மதிக்கவில்லை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அந்தக் கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அதில் பாடிய அறிவு, நம் ஆவடி வழியாகப் போகிற ரயில் போய் நிற்கும் அரக்கோணத்துப் பிள்ளை. இன்னும் என்ன கலாச்சாரம் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் வாசித்தவர் என் வயதுக்காரர். பெரம்பூர் கேரேஜில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஆங்கிலோ-இந்தியர். உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் மெதுவான ப்ளூஸ். ஹாலில் முப்பது பேர்கூட இல்லை. வெளியே வந்ததும் நம்ம டிரம்ஸ் பையன் சொன்னான்: "இவருக்கே இவ்வளவுதான் கூட்டம். எனக்குப் பிராக்டிஸ் பண்ணக்கூட இடமில்ல தாத்தா. செட்டை வித்துடலாம்னு இருக்கேன்." ராத்திரி முழுக்க அதே ஞாபகம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஜூலை 14 வந்தால் பாண்டு வாத்தியத்தின் பின்னால் ஓடியவன். பிரான்சில் 1982லிருந்து ஜூன் 21 அன்று 'ஃபெத் த லா ம்யூசிக்' நடக்கிறது. இசைத் திருவிழா என்று அர்த்தம். அதே உச்சரிப்புக்கு 'இசை வாசியுங்கள்' என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அன்று யாரும் தெருவில் நின்று வாசிக்கலாம், கேட்க வருபவர்களுக்குக் காசு கிடையாது. புதுச்சேரியிலும் நடக்கிறது. இங்கிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வழக்கம் பூந்தமல்லிக்கு வராதா? நல்ல ராக் கேட்க ஆழ்வார்பேட்டைக்கும் ஈசிஆருக்கும்தான் போக வேண்டும் என்று நமக்குத் தலையெழுத்தா?

2026 ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் ஊருக்கு ஒரு பூங்கா, இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் கேட்கிறோம். இந்தத் தடவை சங்கத்துக்கு மட்டும் எழுதப்போவதில்லை. மாநகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் நகலோடு போகும். உங்கள் தெருவிலும் வாசிக்கிற பிள்ளைகள் இருந்தால் அனுப்பி வையுங்கள், விண்ணப்பம் நான் எழுதித் தருகிறேன். பையனிடம் சொல்லிவிட்டேன், அதுவரை செட்டை விற்காதே என்று.