பல கைகள் சேர்ந்து செய்யும் சீனக் கொழுக்கட்டை



இம்முறை நமது பக்கத்தில் ஒரு சீனப் பலகாரம். அதன் பெயர் 'ஜியாவ்ஸி'. மெல்லிய கோதுமை மாத் தோலுக்குள் மரக்கறியும் இறைச்சியும் வைத்து, பிறைபோல மடித்து ஓரத்தை அழுத்தி மூடுவார்கள். அவித்தும், கொதிநீரில் இட்டும், பொரித்தும் உண்பார்கள். நாம் ஆவியில் அவிக்கும் முறையைப் பார்ப்போம். பயற்றங்கொழுக்கட்டைக்கு ஓரம் அழுத்திப் பழகிய கைகளுக்கு இது கடினமல்ல.

இது மிகப் பழைய உணவு. சீனாவின் மேற்கே, துர்பான் என்ற வறண்ட பிரதேசத்தில், தாங் அரச காலத்துக் (618–907) கல்லறைகளில் காய்ந்துபோன ஜியாவ்ஸிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அதைவிடப் பழைய காலத்தில் வாழ்ந்த சாங் சொங்ஜிங் என்ற வைத்தியரைப் பற்றி மக்கள் ஒரு கதை சொல்வார்கள். கடுங்குளிரில் காது புண்ணாகித் தவித்த ஏழைகளுக்கு, ஆட்டிறைச்சியையும் மருந்துச் சரக்கையும் காது வடிவ மாத் தோலில் பொதிந்து சூப்போடு கொடுத்தாராம். அதை நினைத்து வட சீனாவில் இன்றும் டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு நாளில் ஜியாவ்ஸி உண்கிறார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் இரவும் வட சீன வீடுகளில் இதுதான் முக்கிய உணவு. ஒருவர் மாவை உருட்ட, ஒருவர் தட்டையாக்க, மற்றவர்கள் உள்ளீடு வைத்து மூட, ஆண்களும் பிள்ளைகளும் கூட இருந்து செய்வார்கள். ஒன்றிரண்டுக்குள் நாணயம் வைப்பதும் உண்டு. அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை.

தேவையான பொருட்கள் (சுமார் 25 செய்ய)

கோதுமை மா 250 கிராம், கொதிநீர் 150 மில்லிலீற்றர், எலும்பு நீக்கி நன்றாகக் கொத்திய கோழி இறைச்சி 150 கிராம், கோவா 200 கிராம், ஒரு சிறிய கரட், லீக்ஸ் சிறிதளவு, இஞ்சி ஒரு துண்டு, உள்ளி 3 பல்லு, மிளகுத்தூள், உப்பு, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. இறைச்சிக்குப் பதிலாக இறாலோ, ஊறவைத்துப் பிழிந்து கொத்திய சோயா மீற்றோ சேர்க்கலாம்.

செய்முறை

ஒன்றைக் கவனியுங்கள். பிட்டுக்கு அவித்து அரித்து வைத்திருக்கும் மா இதற்கு உதவாது. அவித்த மாவில் இழுபடும் தன்மை போய்விடும்; மெல்லியதாகத் தட்டினால் உடைந்துவிடும். பச்சைக் கோதுமை மாவே வேண்டும்.

மாவில் சிறிது உப்பைக் கலந்து, கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் 5 நிமிடம் நன்றாகக் குழைத்து, ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் வையுங்கள். பச்சைத் தண்ணீரில் குழைத்த மா, தட்டத் தட்டச் சுருங்கும். அவித்தபின் தோல்போலக் கடினமாகும். கொதிநீர் பட்ட மா சுருங்காது, அவிந்த பின்னும் மென்மையாக இருக்கும்.

கோவாவைப் பொடியாக அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி 10 நிமிடம் விட்டு, இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் நின்றால் தோல் ஊறிக் கிழியும். பிறகு மற்றப் பொருட்களுடன் சேர்த்துப் பிசையுங்கள்.

மாவைச் சிறு உருண்டைகளாக்கி, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக்குங்கள். உருளைக்கட்டை இல்லாவிட்டால் கழுவித் துடைத்த போத்தல் போதும். ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் இருக்கட்டும். ஒரு தேக்கரண்டி உள்ளீடு வைத்து மடித்து, முதலில் நடுவையும் பின் இரு பக்கங்களையும் அழுத்துங்கள். ஓரத்தில் எண்ணெய் பட்டால் ஒட்டாது.

இட்டலிச் சட்டியின் தட்டில் எண்ணெய் பூசிய வாழையிலையை இட்டு, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். தண்ணீர் கொதித்து ஆவி வந்த பின் வைத்து 12 நிமிடம் அவியுங்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இறைச்சியில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் இன்னும் சில நிமிடம் அவிய வேண்டும். சோயா சோஸில் சிறிது வினாகிரியும் இஞ்சித் துருவலும் கலந்து தொட்டுச் சாப்பிடலாம்.

150 கிராம் இறைச்சி ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்தாக வருகிறது. ஒருவரே உழைத்துச் சமாளிக்கும் வீட்டில் இது சிறிய விடயமல்ல.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் கடந்தும், பொங்கலோ தீபாவளியோ நத்தாரோ பெருநாளோ வந்தால் அடுப்பு மூட்ட மனம் வராத வீடுகள் உண்டு. அந்தப் பலகாரத்தை விரும்பிச் சாப்பிட்டவர் இன்று இல்லை. அல்லது, வருவாரா என்று இன்னும் வழி பார்த்திருக்கிறோம். பழைய பலகாரத்தைச் செய்தே ஆகவேண்டும் என்று எவரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் பிள்ளைகளுக்கும் அது ஒரு நாள்தானே. யாருடைய நினைவும் ஒட்டாத ஒரு புதிய உணவை அன்று செய்து பார்க்கலாம்.

தனியே இருந்து செய்யாதீர்கள். 25 கொழுக்கட்டையை ஒருவர் செய்தால் அது இன்னொரு சுமை. மூத்தவன் மாவைத் தட்டட்டும், சின்னவள் ஓரத்தை அழுத்தட்டும், பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். சின்னவள் மூடியது கோணலாக இருந்தாலும் அதை அவிழ்த்துத் திருத்த வேண்டாம். வாய் திறந்திராவிட்டால் அதுவும் நன்றாகவே அவியும்.