வீட்டுக்கும் ஒரு கம்பளி வேண்டும்!

குளிர் அடித்தால் மனிதன் என்ன செய்கிறான்? கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்கிறான். கம்பளிக்குள் நெருப்பு இல்லை. அது சூட்டை உண்டாக்குவதும் இல்லை. உடம்பில் இருக்கும் சூடு வெளியே ஓடிவிடாமல் பிடித்துவைக்கிறது. அவ்வளவுதான்.

வீட்டுக்கும் இதே கதைதான். ஆனால் குளிர்ப் பிரதேசங்களில் வீடு கட்டுகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கம்பளி போர்த்தாமல், உள்ளே அடுப்பை மேலும் மேலும் எரிக்கிறார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை இது!

இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். நம் நாட்டின் வடகோடியில் இருக்கும் லடாக்கே போதும்.

உறையும் ஊர்

லடாக்கின் பெரிய ஊர் லே. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரம். ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு! ஜனவரி மாத இரவுகளில் சைபருக்குக் கீழே 15 டிகிரி, சில நாட்களில் 20 டிகிரி வரைகூடக் குளிர் இறங்கும். குடத்துத் தண்ணீர் கல்லாகிவிடும்.

மலைகள் மொட்டை. காடு கிடையாது. ஆற்றோரம் நட்டு வளர்த்த மரங்கள்தான் உண்டு. ஆகவே அங்குள்ள மக்கள் காலம் காலமாக எரித்தது பெரும்பாலும் சாண வறட்டி. கோடையெல்லாம் பெண்கள் சாணம் பொறுக்கி, காயவைத்து, கூடை கூடையாகச் சுமந்துவந்து சேர்ப்பார்கள். பிறகு மண்ணெண்ணெய் வந்தது. நிலக்கரி வந்தது. கியாஸ் சிலிண்டரும் வந்தது. எல்லாம் கீழே சமவெளியிலிருந்து, மலைக் கணவாய்களைத் தாண்டி லாரியில் ஏறிவர வேண்டும். கூலியும் அதோடு ஏறும்.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த எரிபொருளின் சூடு எங்கே போகிறது? கூரை வழியாக, சுவர் வழியாக, ஜன்னல் சந்து வழியாக வெளியே போகிறது. அடுப்பு அணைந்த கொஞ்ச நேரத்தில் அறை மறுபடியும் பனிக்கட்டி!

தாத்தா கட்டிய வீடு

பழைய லடாக் வீட்டைக் கட்டியவர்கள் படித்த என்ஜினீயர்கள் அல்ல. ஆனாலும் குளிரை அறிந்தவர்கள். கனமான மண் சுவர். கீழ்த்தளத்தில் ஆடு மாடுகள், மேலே மனிதர்கள். மாடுகளின் உடம்புச் சூடுகூட வீணாகவில்லை. குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் சமையல் அறையிலேயே கூடிவிடும். மொட்டைமாடியில் வைக்கோலும் புல்லும் அடுக்கியிருக்கும். அது மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்குப் போர்வை.

பிறகு சிமெண்டு வந்தது. காங்கிரீட் வீடுதான் கௌரவம் என்ற எண்ணமும் வந்தது. மெல்லிய சிமெண்டு சுவர். நான்கு பக்கமும் ஜன்னல். பார்க்க அழகுதான். ஆனால் காங்கிரீட் வழியாகச் சூடு ஓடும் வேகம் வைக்கோல் வழியாக ஓடுவதைப் போலப் பல மடங்கு. மதுரைக்கும் லேக்கும் ஒரே மாதிரி வீடு போட்டால் இதுதான் கதி.

மண் வீடு என்றால் ஏழை வீடு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நம் பக்கத்திலும் அந்த நோய் உண்டு.

அடுப்பு வானத்தில்!

லடாக்கில் குளிர் உண்டு. ஆனால் மேகம் குறைவு. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். குளிர்காலத்திலும் பெரும்பாலான நாட்கள் வெயில் பளிச்சென்று அடிக்கும்.

அந்த வெயில் எந்தப் பக்கம் இருந்து வருகிறது? டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, உச்சி வேளையிலும் சுமார் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் மாதத்தில் 79 டிகிரி; கிட்டத்தட்ட தலைக்கு மேல். ஆகவே தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்தால் குளிர்காலத்து வெயில் அறைக்குள் நீட்டிப் படுக்கும். கோடை வெயில் அவ்வளவாக நுழையாது. இயற்கையே செய்துவைத்த ஏற்பாடு!

இன்னொரு முறையும் உண்டு. தென்சுவருக்குக் கறுப்பு வர்ணம் அடிப்பார்கள். அதன் முன்னால் சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்துவார்கள். பகல் முழுவதும் சுவர் வெயிலைக் குடிக்கும். இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விடும். டிராம்ப் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரால் இதை டிராம்ப் சுவர் என்கிறார்கள். பணம் இல்லாதவர் தென்புறம் மரச்சட்டம் கட்டிப் பாலிதீன் விரித்தாலும் போதும். அதற்குள் கீரைகூட விளையும்.

வந்த சூடு போகாமல் இருக்க வேண்டுமே! மற்ற மூன்று பக்கமும் இரட்டைச் சுவர் வைத்து, நடுவே வைக்கோலோ மரத்தூளோ அடைக்க வேண்டும். கூரைக்கும் அப்படியே. இரவில் கண்ணாடிக்குக் கனமான திரை.

மரத்தூளுக்கு அவ்வளவு சக்தியா என்று சந்தேகம் வரலாம். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது அல்லவா? 1842-ல் கட்டிய அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடல் கடந்து கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். உருகியது போக மீதிக் கட்டியைக் காப்பாற்றியது மரத்தூள்தான்! தூளுக்கு நடுவே அகப்பட்ட காற்று அசையாது. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. வெளிச்சூடு உள்ளே வராமல் அன்று ஐஸைக் காத்தது. உள்சூடு வெளியே போகாமல் லடாக்கில் மனிதரைக் காக்கிறது.

கண்கூடான பள்ளி

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. லேக்கு அருகே, சிந்து நதிக்கரையில் ‘செக்மோல்’ என்ற கல்வி நிலையம் இருக்கிறது. 1988-ல் தொடங்கியது. பரீட்சையில் தேறாத பிள்ளைகளுக்குக் கைகொடுக்கப் பிறந்த இடம். மண்ணை இடித்து இறுக்கிக் கட்டிய கட்டிடம். தெற்கே கண்ணாடி. வெளியே சைபருக்குக் கீழே 15 டிகிரி இருக்கும்போது உள்ளே சைபருக்கு மேலே 15 டிகிரி அளவில் இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மண் கட்டிடங்களுக்கான சர்வதேசப் பரிசு ஒன்று 2016-ல் இந்தக் கட்டிடத்துக்குக் கிடைத்தது.

ஆட்சேபனை உண்டா?

உண்டு. 2010 ஆகஸ்டில் லேயில் பேய்மழை கொட்டி, சேற்று வெள்ளம் பாய்ந்தது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். மண் வீடுகள் பல கரைந்தன. "இனி மண் வீடே வேண்டாம்" என்று மக்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. இந்தப் பயத்தைக் கேலி செய்வது தவறு. ஆனால் அன்று வெள்ளத்தின் பாதையில் நின்ற காங்கிரீட் கட்டிடங்களும் தப்பவில்லை. ஓடைப் பாதையில் வீடு கட்டாமல் இருப்பதும், கல் அஸ்திவாரம் போடுவதும், கூரையில் நீர் இறங்காமல் தடுப்பதும்தான் இதற்கு மருந்து. காங்கிரீட்தான் வேண்டும் என்பவர் அதையே கட்டட்டும். சுவருக்குள் மரத்தூளை அடைக்க எந்தத் தடையும் இல்லையே!

இன்னொரு ஆட்சேபனை பணம். இரட்டைச் சுவருக்கும் கண்ணாடிக்கும் முதலில் செலவு பிடிக்கும். வறட்டி பொறுக்கும் குடும்பத்தால் அது முடியாது. இங்கேதான் அரசாங்கம் வர வேண்டும். எரிபொருளுக்குக் கொடுக்கும் சலுகைப் பணம் அந்தக் குளிர்காலத்தோடு புகையாகிவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் கொடுக்க வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் கொடுத்தால் ஒரு தடவையோடு தீரும். பல வருஷம் நிற்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு ஊழியர் குடியிருப்பு ஆகியவற்றைத் தெற்கே பார்த்துக் கட்டுவதற்கோ பெரிய செலவே இல்லை. பிளான் போடுகிறவர் காகிதத்தைத் திருப்பி வைத்தால் போதும்!

ஒரு ஜாக்கிரதை. சந்துகளை எல்லாம் அடைத்துவிட்டு, அறைக்குள் கரி நெருப்பை மூட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். அடுப்பு இருந்தால் புகைக்குழாய் இருக்க வேண்டும். சுத்தக் காற்று வரச் சிறு வழியும் இருக்க வேண்டும்.

அடுப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு சின்ன அடுப்பு மூலையில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கூடை வறட்டியும் இருக்கட்டும்.